எழுதாமல் விட்ட ஷரத்து

சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில் என் கோயமுத்தூர் நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சிறிய நூற்பாலை ஒன்றின் சொந்தக்காரர் அவர். வந்தால் முதலில் மழையைப் பற்றியும், பிறகு பஞ்சு விலையைப் பற்றியும், கடைசியாகப் பேரக் குழந்தைகளைப் பற்றியும் பேசுவது அவருடைய வழக்கம். அன்றைக்கு அந்த வரிசைக் கிரமம் தவறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்ததுமே பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, நீங்க எழுத்தாளருங்க. இதிலே வில்லங்கம் ஏதாச்சும் இருக்குதுங்களான்னு ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். அது ஓர் ஒப்பந்தப் பத்திரம். கதை எழுதுகிறவனிடம் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொடுப்பது தச்சனிடம் தங்கத்தை உரைத்துப் பார்க்கச் சொல்வது போலத்தான். ஆனாலும் நண்பர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்த பிறகு, "வக்கீலிடம் போங்கள்" என்று கையை விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஆலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில், ஒரு தொழிலாளியின் வலது கை இயந்திரத்தில் அகப்பட்டு மூன்று விரல்கள் போய்விட்டன. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று படத்தோடு செய்தி வெளியிட்டது. அந்தப் படம் கைபேசிகளில் ஏறி ஊரைச் சுற்றியது. நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் விளக்கம் கேட்டு எழுதினார்கள். "இந்த மாதிரி சமயத்துக்கென்றே மக்கள் தொடர்பு நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களை அமர்த்திக்கொள்" என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தந்தான் என் கையில் இருந்தது.

பத்திரம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மாதக் கட்டணம் இவ்வளவு; பயணம், அச்சு முதலிய செலவுகள் தனி; ஒப்பந்தக் காலம் ஒரு வருஷம்; விலகுவதானால் 90 நாள் முன்னறிவிப்பு; இரு தரப்பாரும் ரகசியம் காக்க வேண்டும்; சாதகமான செய்தி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால் தனி வெகுமதி. எட்டாவது ஷரத்துக்கு வந்தபோது என் கண் நின்றது. "கட்சிக்காரர் அளிக்கும் விவரங்களின் உண்மைக்குக் கட்சிக்காரரே பொறுப்பு. நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பன்று." இந்தத் தொழிலில் இப்படி ஒரு ஷரத்தைப் போடுவது சாதாரண வழக்கம். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அன்று நண்பரிடம் சொன்ன அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

*

புகழ்வதற்குக் கூலி வாங்குவது உலகத்தில் புதிய விஷயம் அல்ல. நம்முடைய பாணர்களும் புலவர்களும் மன்னர்களைப் பாடிப் பரிசில் பெற்றவர்கள்தாம். சோழ மன்னர்கள் தங்கள் மெய்க்கீர்த்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. பாட்டிலேயே வள்ளலின் பெயர் இருக்கும். கேட்கிறவனுக்கு, பாடியவர் யார், கொடுத்தவர் யார் என்பது தெரியும். தெரிந்துகொண்டு, எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புவான். முரசு அறைகிறவனும் அரசன் பெயரைச் சொல்லித்தான் அறைந்தான்.

கொடுத்தவன் பெயரை மறைத்துவிட்டு முரசை மட்டும் ஒலிக்கச் செய்வது பத்திரிகை யுகத்தின் சாமர்த்தியம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1900-ஆம் ஆண்டில் சில பத்திரிகைக்காரர்கள் சேர்ந்து 'பப்ளிஸிடி பீரோ' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பிறருக்காகச் செய்தி தயாரித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் நிறுவனம் என்று இதைச் சொல்வார்கள். இவர்களுடைய முதல் கட்சிக்காரர் யார் தெரியுமா? ஹார்வர்ட் பல்கலைக் கழகம்! கட்டணம் மாதம் 200 டாலர்.

இந்த ஒப்பந்தத்தின் பிற்பகுதி வேடிக்கையானது. 1902-இல் பல்கலைக் கழகம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் நிறுவனம் வேலையை நிறுத்தவில்லை. இலவசமாகவே செய்துகொண்டிருந்தது. ஹார்வர்ட் எங்கள் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்வதே மற்றக் கட்சிக்காரர்களை இழுத்து வரும் அல்லவா? ஆகவே இந்தத் தொழிலில், பணம் ஒரு பக்கமும் பெயர் மறு பக்கமுமாகக் கைமாறுகின்றன என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து வந்த பெரிய கட்சிக்காரர்கள் ரயில்வே கம்பெனிகள். ரயில் கட்டணத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் அதிகாரத்தைச் சர்க்கார் கமிஷனுக்குக் கொடுக்க, ஹெப்பர்ன் மசோதா என்ற ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை எதிர்க்கவே இந்த நிறுவனத்தை அமர்த்தினார்கள். ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் போயின. ஒவ்வொரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றியும் குறிப்பு எழுதிய அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கட்டுரைகளைப் படித்த விவசாயிக்கோ வியாபாரிக்கோ இது ரயில்வே பணத்தில் எழுதப்பட்டது என்று தெரியாது. 1906 மார்ச் மாதத்தில் ரே ஸ்டானர்ட் பேக்கர் என்ற பத்திரிகையாளர் 'மக்ளூர்ஸ்' சஞ்சிகையில் இந்த ரகசியத்தை உடைத்துவிட்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மசோதா சட்டமாயிற்று.

*

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் நம்முடைய கதாநாயகர் மேடைக்கு வருகிறார். கதாநாயகரா வில்லனா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். ஐவி லீ என்பது அவர் பெயர். ஜார்ஜியா மாகாணத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தவர். ஜார்ஜ் பார்க்கர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தத் தொழில் ஆரம்பித்தார்.

1906-இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக அவர் வேலை செய்தபோது, பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு பிரகடனம் அனுப்பினார். நாங்கள் ரகசியப் பிரசார ஸ்தாபனம் அல்ல. எங்கள் வேலை எல்லாம் பகிரங்கமானது. நாங்கள் தரும் செய்தி சரியானது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம், அதற்கு நாங்களே உதவி செய்வோம் என்பது அதன் சாராம்சம். ரயில்வேக்காரர்களின் ரகசியம் உடைந்துபோன அதே ஆண்டில் இப்படி ஒரு பிரகடனம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லீ அதை ஓரளவு செய்தும் காட்டினார். பென்ஸில்வேனியா ரயில்வே அவரை அமர்த்திய பிறகு, விபத்து நடந்த இடத்தை மூடி மறைக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, நிருபர்களைக் கம்பெனிச் செலவிலேயே அங்கே அழைத்துப் போனார்.

எட்டு வருஷம் கழித்து அவருக்குப் பெரிய சோதனை வந்தது.

கொலராடோ மாகாணத்தில் ராக்பெல்லர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு இருந்த நிலக்கரிக் கம்பெனியில், 1913 செப்டம்பரில் வேலை நிறுத்தம் தொடங்கியது. கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்கள் குடும்பங்களோடு கூடாரங்களில் வசித்தார்கள். லட்லோ என்ற இடத்தில் இருந்த கூடாரக் குடியிருப்பின் மேல் 1914 ஏப்ரல் 20-ஆம் தேதி மாகாணப் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. கூடாரங்கள் தீப்பற்றி எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்தவர்களில் 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டு போனார்கள்.

நாடே கொதித்தது. இளைய ராக்பெல்லர், மாதம் 1,000 டாலர் கட்டணத்தில் ஐவி லீயை அமர்த்திக்கொண்டார். வேலை நிறுத்தத்தைப் பற்றிய 'உண்மைகள்' என்ற தலைப்போடு வரிசையாகப் பிரசுரங்கள் வெளிவந்து, நாடெங்கும் உள்ள பிரமுகர்களுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தன.

அந்த உண்மைகளில் ஒன்றைச் சொல்கிறேன். தொழிற்சங்கத் தலைவர்கள் கொழுத்த சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒரு பிரசுரம் கணக்குக் காட்டியது. ஒரு முழு வருஷத்துக்கு அவர்கள் பெற்ற சம்பளத்தையும் செலவுப் பணத்தையும், ஒன்பதே வாரங்களில் பெற்றதாக அதில் போட்டிருந்தது! பட்டினி கிடக்கும் தொழிலாளியின் தலைவன் நாளொன்றுக்கு ஒரு செல்வந்தனைப் போலச் சம்பாதிக்கிறான் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். தவறு பிறகு தெரிய வந்தது. ஆனால் திருத்தம் ஆற அமரத்தான் வந்தது. அதற்குள் பிரசுரம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. டிசம்பர் மாதத்தில் வேலை நிறுத்தமும் தோற்றுப்போயிற்று.

தொழில் உறவுகளை விசாரிக்க ஏற்பட்ட கமிஷன் முன்னால் லீ சாட்சி சொன்னார். கமிஷன் தலைவர் பிராங்க் வால்ஷ் விடாக்கண்டர். "இந்த விவரங்கள் உண்மைதானா என்று நீங்கள் சரிபார்த்தீர்களா?" என்ற பொருளில் கேட்டார். லீயின் பதிலின் கருத்து இதுதான்: சுரங்க முதலாளிகள் கொடுத்தார்கள், நான் வெளியிட்டேன், நானாக விசாரிக்கவில்லை.

1906-இல் "சோதித்துப் பாருங்கள்" என்று உலகத்துக்கு அறைகூவல் விட்டவர், 1914-இல் தாமே சோதித்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் அது அவருடைய வேலையாக வைக்கப்படவில்லை. முதலாளி நியூயார்க்கில் இருந்தார். அவருக்கு விவரம் கொலராடோ அதிகாரிகளிடமிருந்து வந்தது. லீ அந்த விவரத்தை எழுத்தாக்கினார். "நான் எழுதவில்லை" என்று முதலாளி சொல்லலாம். "நான் விவரம் தரவில்லை" என்று எழுதியவர் சொல்லலாம். நடுவிலே உண்மை என்ற ஒன்று சொந்தக்காரர் இல்லாத பொருளாகத் தெருவில் கிடந்தது. நாவலாசிரியர் அப்டன் ஸிங்க்ளேர், ஐவி என்ற கொடியின் பெயரை வைத்தே லீக்கு 'விஷக் கொடி' என்று பட்டம் கட்டினார். அந்தப் பெயர் அவரைக் கடைசி வரை விடவில்லை.

*

உண்மைக்குப் பொறுப்பாளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை லட்லோ காட்டியது. சன்மானத்தை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கும் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அமெரிக்காவின் தெற்கே அட்லாண்டா நகரத்துக்குப் போக வேண்டும்.

முகமூடி அணிந்து நீக்ரோ மக்களைக் கொடுமைப்படுத்திய கூ க்ளக்ஸ் க்ளான் என்ற சங்கத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் தோன்றி மறைந்த அந்தச் சங்கத்தை 1915-இல் வில்லியம் ஸிம்மன்ஸ் என்பவர் மறுபடி உயிர்ப்பித்தார். ஸிம்மன்ஸ் பேச்சில் கெட்டிக்காரர், நிர்வாகத்தில் பூஜ்யம். ஐந்து வருஷம் ஆகியும் அங்கத்தினர் சில ஆயிரம் பேர்தான். சங்கம் நொண்டிக்கொண்டிருந்தது.

1920 ஜூன் மாதத்தில் அவர் ஒரு விளம்பர ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். எட்வர்ட் யங் க்ளார்க், எலிஸபெத் டைலர் என்ற இருவர் நடத்திய ஸ்தாபனம் அது. செஞ்சிலுவைச் சங்கம் முதலிய தர்ம ஸ்தாபனங்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்து அனுபவம் பெற்றவர்கள். க்ளானுக்கும் அதே முறையை அவர்கள் பிரயோகம் செய்தார்கள்.

ஒப்பந்தத்தின் உயிர் நாடி ஒரு கணக்கு. புதிய அங்கத்தினர் ஒவ்வொருவரும் 10 டாலர் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதில் 8 டாலர் க்ளார்க் ஸ்தாபனத்துக்கு. அந்த எட்டில் ஆளைப் பிடித்து வந்த தரகருக்கு 4 டாலர். அவனுக்கு மேலே மாகாணத் தலைவனுக்கு 1 டாலர். அவனுக்கும் மேலே வட்டாரத் தலைவனுக்கு அரை டாலர். மீதி இரண்டரை டாலர் க்ளார்க்குக்கும் டைலருக்கும். பாக்கி 2 டாலர் ஸிம்மன்ஸுக்கு.

மாதச் சம்பளம் கிடையாது. ஆள் பிடித்தால் காசு, பிடிக்காவிட்டால் பட்டினி. இந்த ஏற்பாட்டின் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓர் ஊருக்குப் போகும் தரகன், இந்த ஊர்க்காரர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று முதலில் விசாரிப்பான். ஓர் ஊரில் கத்தோலிக்கர், இன்னோர் ஊரில் யூதர், மற்றோர் ஊரில் குடியேறி வந்த அந்நியர், வேறோர் ஊரில் கள்ளச் சாராயம். பயம் எதுவானாலும் அதற்கு மருந்து பத்து டாலர்! கொள்கை ஒப்பந்தத்தில் இல்லை, கணக்குத்தான் இருந்தது. அந்தக் கணக்கே கொள்கையைப் பெருக்கியது.

ஒன்றே கால் வருஷத்துக்குள் சில ஆயிரம் பேர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரானார்கள். 1921 செப்டம்பரில் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகை மூன்று வாரம் தொடர்ந்து எழுதி இந்தப் பணக் கணக்கை அம்பலமாக்கியது. அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தியது. ஆனால் அந்த விளம்பரமே சங்கத்துக்கு இன்னும் ஆளைச் சேர்த்துக் கொடுத்தது. 1923-இல் சங்கத்துப் புதிய தலைவர் க்ளார்க்கின் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய ஒரு கையெழுத்துப் போதும். அது கிளப்பிவிட்ட வெறுப்பை எந்தக் கையெழுத்தால் ரத்துச் செய்வது? சில வருஷங்களில் அங்கத்தினர் தொகை லட்சங்களைக் கடந்து பல லட்சங்களாயிற்று.

*

மறுபடியும் ஐவி லீயிடம் வருவோம். இப்போது அவர் உலகப் புகழ் பெற்றவர். கோடீசுவரர்களுக்கு யோசனை சொல்கிறவர். ஜெர்மனியின் மாபெரும் ரசாயன நிறுவனமான ஐ.ஜி. பார்பெனின் அமெரிக்கக் கிளையோடு அவருக்குச் சில காலமாகத் தொழில் தொடர்பு இருந்தது. 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அமெரிக்காவில் ஜெர்மன் சரக்குகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் இல்க்னர் லீயிடம் யோசனை கேட்டார். வருஷத்துக்கு 25,000 டாலர் சன்மானம். பெர்லினில் இருந்து வேலை பார்த்த லீயின் மகனுக்கு வருஷத்துக்கு 33,000 டாலர்.

காகிதத்தில் பார்த்தால் இது ஒரு கம்பெனிக்கும் ஓர் ஆலோசகருக்கும் ஏற்பட்ட சாதாரண ஏற்பாடு. ஆனால் கேட்கப்பட்ட யோசனை சாயத்தையும் உரத்தையும் பற்றியதா? புதிய ஜெர்மனியை அமெரிக்க மக்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதுதான் விஷயம். லீ ஜெர்மனிக்குப் போனார், ஹிட்லரையும் சந்தித்தார்.

1934 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. லீயின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். என் ஒப்பந்தம் கம்பெனியுடன்தான், ஜெர்மன் சர்க்காருடன் அல்ல. நான் ஆலோசனை சொன்னேனே தவிர அமெரிக்காவில் பிரசாரம் எதுவும் செய்யவில்லை. யூதர்களை நடத்தும் விதத்தை அமெரிக்கர் ஒருகாலும் ஏற்கமாட்டார்கள் என்று அவர்களிடமே சொன்னேன் என்றார். இதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் கம்பெனிக்குச் சொன்ன யோசனை எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் அறியாதவர் அல்ல. ஜூலை மாதத்தில் சாட்சியம் வெளியானபோது, ஹிட்லரின் பிரசாரகர் என்று பத்திரிகைகள் அவரைச் சாடின. அவ்வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி மூளைக் கட்டியால் அவர் காலமானார். வயது 57. பிறருடைய பெயரைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர் தம் பெயரைக் காத்துக்கொள்ள முடியாமல் போய்ச் சேர்ந்தார். அதே ரசாயன நிறுவனம் போர்க் காலத்தில் ஆஷ்விட்ஸ் கைதிகளை அடிமை வேலை வாங்கியதும், அதன் தலைவர்கள் நியூரம்பெர்க்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றதும் பிற்பாடு நடந்தவை.

லீ மட்டும் அல்ல. கார்ல் பையோர் என்பவருடைய நிறுவனம், ஜெர்மன் சுற்றுலா அலுவலகத்துடன் மாதம் 6,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. காகிதத்தில் சுற்றுலா, ஆனால் அந்தத் தொகையிலிருந்து மாதம் 1,750 டாலர், ஜெர்மனிக்காக வெளிப்படையாகவே வாதாடிவந்த ஜார்ஜ் வியரெக் என்ற எழுத்தாளருக்குப் போயிற்று. ரயிலில் ஏறி ரைன் நதியைப் பார்க்க வாருங்கள் என்று அழைப்பதற்கு வியரெக் எதற்கு என்று குழுவினர் யோசித்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த விசாரணைகளின் பயனாக 1938-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அந்நிய நாட்டுக் கட்சிக்காரருக்காக அமெரிக்காவில் அரசியல் ரீதியாகப் பேசியோ எழுதியோ ஊழியம் செய்கிறவர்கள் சர்க்காரிடம் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் நகலையும் பெற்ற பணத்தின் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் சட்டம் யாருடைய வாயையும் மூடவில்லை. "பேசு, ஆனால் யாருக்காகப் பேசுகிறாய் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசு" என்றது. நம்முடைய முரசு அறைகிறவனின் பழைய தர்மத்தைத்தான், புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சட்டப் புத்தகத்தில் ஏற்றினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

"இதெல்லாம் எண்பது, நூறு வருஷத்துக்கு முந்தின சமாசாரமுங்களே" என்றார் நண்பர்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. 2016-இல் லண்டன் நகரத்து 'பெல் பாட்டிங்கர்' என்ற பிரசித்தி பெற்ற மக்கள் தொடர்பு நிறுவனம், தென் ஆப்பிரிக்காவில் 'ஓக்பே' என்ற கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்பெனியின் சொந்தக்காரர்கள் நம் உத்தரப் பிரதேசத்துச் சஹரான்பூரிலிருந்து அங்கே போன குப்தா குடும்பத்தார். கட்டணம் மாதம் ஒரு லட்சம் பவுன். அந்நாட்டு ஜனாதிபதியோடு அக்குடும்பத்துக்கு இருந்த நெருக்கத்தைப் பற்றி எழுந்த புகார்களிலிருந்து மக்களின் கவனம் திரும்பும்படி, வெள்ளையர் ஏகபோகம் என்ற கோஷத்தை நாடெங்கும் கிளப்பிவிட்டார்கள். எத்தனையோ பாடுபட்டு இன வெறியிலிருந்து மீண்ட நாடு அது. 2017 செப்டம்பரில் பிரிட்டிஷ் மக்கள் தொடர்பாளர் சங்கம் அந்நிறுவனத்தை வெளியேற்றியது. மற்றக் கட்சிக்காரர்கள் ஓட்டம் பிடித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே நிறுவனம் திவாலாகிக் கடன்காரர்களுக்காக நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படீன்னா இவங்களை அமர்த்தவே கூடாதுங்களா?" என்றார்.

அப்படி நான் சொல்லவில்லை. வாய் இல்லாத நல்லவனுக்கும் வக்கீல் வேண்டியிருக்கிறது. வதந்தி புறப்பட்டால் உண்மையைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் தேவைதான். நான் அவரிடம் சொன்னது சில சிறு விஷயங்கள். செய்ய வேண்டிய வேலை இன்னது என்பதை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். எந்தச் செலவுக்கு உங்கள் முன் அனுமதி வேண்டும் என்பதை எழுதச் சொல்லுங்கள். சாதகமான செய்திக்கு வெகுமதி என்ற ஷரத்தை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு எட்டு டாலர் என்ற கணக்கின் குட்டித் தம்பி அது. உங்கள் பெயர் இல்லாமல் உங்களுக்காக எதுவும் வெளிவரக் கூடாது என்று எழுதுங்கள். கடைசியாக, அந்த எட்டாவது ஷரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேருங்கள்: விவரத்தை இரு தரப்பாரும் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும், தவறு என்று தெரிந்தால் அதே வேகத்தில், அதே இடத்தில் திருத்த வேண்டும், மறுத்தால் முன்னறிவிப்பு இல்லாமலே விலகிக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. நூறு வருஷமாகப் பல பேர் எழுதாமல் விட்ட ஷரத்து அதுதான்.

சொல்லி முடித்துவிட்டு, மனசில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியையும் கேட்டேன்.

"அவர்களுக்கு நீங்கள் என்ன விவரம் கொடுக்கப் போகிறீர்கள்?"

நண்பர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். உடனே பதில் வரவில்லை. வாசல் வரைக்கும் போனவர், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த மெஷினுக்கு ஒரு மூடி உண்டுங்க. அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்குது, நேரம் ஆகுதுன்னு மேஸ்திரி எடுத்து வெச்சுட்டானுங்க. எனக்குத் தெரியுமுங்க. உற்பத்தி கூடுதேன்னு நானும் சும்மா இருந்துட்டேனுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. லட்லோவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கண்கள் ஏன் அடிக்கடி தரையைப் பார்த்தன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். தொழிலாளியின் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். நடந்தது என்ன என்பதை ஒளிக்காமல் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தாமே கடிதம் எழுதியதாகவும் சொன்னார். ஒருவர் ஆர்டரை ரத்துச் செய்துவிட்டார். மற்றவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

"ஒப்பந்தம் என்ன ஆயிற்று?" என்றேன்.

"நீங்க சொன்ன ஷரத்தைச் சேர்த்து அனுப்பினேனுங்க. அவங்க யோசிக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மூடியை மாட்டிட்டேனுங்க" என்றார்.